தெரியாத எழுத்தை விட்டுவிடு

கமலவேணிக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு குறியீட்டில் இருக்கும் எழுத்தை இன்னொரு குறியீட்டுக்கு மாற்றுவது. கணினிக்கு எழுத்து என்று எதுவும் கிடையாது, எல்லாம் எண்தான். ஒருவர் கணக்கில் 'அ' நூற்று எழுபத்தொன்றாக இருக்கும், இன்னொருவர் கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சமாக இருக்கும். இரண்டையும் பொருத்தி அட்டவணை போடாமல் மாற்றினால் திருக்குறள்கூடப் பூச்சி ஊர்ந்த தாள் மாதிரி ஆகிவிடும். கோயம்புத்தூரில் ஒரு பதிப்பகம் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருந்த நானூறு புத்தகங்களை ஒற்றை ஆளாக மாற்றிக் கொடுத்தவள் அவள். ஒரு புள்ளி சிந்தவில்லை என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயர்தான் நாற்பத்து மூன்றாம் வயதில் அவளைப் பேச்சிழந்தவர்களுக்கான மறுமொழி மையத்துக்குக் கொண்டுவந்தது.

அந்த மையத்தோடு அவளுக்கு வேறு தொடர்பும் இருந்தது. அவள் கணவர் நாச்சிமுத்து பேசுவதே அந்த மையம் கொடுத்த கருவியால்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன் கோவையிலும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் ஒரு காய்ச்சல் வந்தது. உயிரை அதிகம் எடுக்கவில்லை, பேச்சைத்தான் எடுத்தது. நாலு நாள் சுரம் அடிக்கும். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வரும். எழுதவும் வராது, ஜாடையும் வராது. கோவையின் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்த நாச்சிமுத்துவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பட்டறை இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பிப் பழகிய மனிதர், ஒன்றரை வருஷம் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடமாடினார்.

அப்புறம்தான் பேச்சுப்பலகை வந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கும் ஒரு சில்லு. கழுத்தில் பட்டி மாதிரி அணிந்துகொள்ளும் சின்ன ஒலிபெருக்கி. மூளை சொல்ல நினைப்பதைச் சில்லு எழுத்தாக்கும், பட்டி அதைக் குரலாக்கும். மூவாயிரத்துச் சொச்சம் பேர் தவித்துக்கொண்டிருந்ததால் அவசர அவசரமாகச் செய்தார்கள். உலகத்துக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடு அந்தச் சில்லுக்குப் பெரிதாக இருந்தது என்று, ஐந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஒரு குறியீட்டைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். தமிழ் எழுத்துகளும் எண்களும் முந்நூறு இடத்தை எடுத்துக்கொண்டன. மிச்சம் இருநூறு இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து மறுபடி பேசினார், பட்டறைக்கும் திரும்பிப் போனார். குரல் அவருடையது இல்லை, இயந்திரக் குரல்தான். வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ சில சமயம் ஒரு முனகல் வரும், தொண்டையைச் செருமுவது மாதிரி. எல்லார் பட்டியிலும் அது வந்தது. கருவியின் கோளாறு என்று மையத்தில் சொன்னார்கள். வீட்டில் யாருக்கும் அது தொந்தரவாகப் படவில்லை. கமலவேணி அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டாள்.

பழைய சில்லுக்கு உதிரிகள் வருவது நின்றபோதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. புதுச் சில்லு வெளிநாட்டிலிருந்து வந்தது. பத்து நாட்டில் பயன்படுத்தும் கருவி. அதற்குப் பொதுக் குறியீடு ஒன்றுதான் தெரியும். ஒவ்வொருவர் சில்லிலும் பத்து வருஷமாகச் சேர்ந்திருந்த சொல்வங்கியைப் பழைய குறியீட்டிலிருந்து புதியதற்கு மாற்றி ஏற்ற வேண்டும். மையத்தின் இயக்குநர் திருவேங்கடம் கமலவேணியைக் கூப்பிட்டு, ஆறு மாதத்தில் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். முந்நூறு எழுத்துக்கு அட்டவணை போடுவது அவளுக்கு ஒரு வாரத்து வேலை.

முதல் சொல்வங்கியிலேயே அவள் நிரல் நின்றுபோனது. அட்டவணையில் இல்லாத எண் ஒன்று வந்திருந்தது, முந்நூற்று எண்பத்தெட்டு. அடுத்தவருடையதில் நானூற்று இரண்டு. காலியாக விட்ட இருநூறு இடங்களில் ஒவ்வொருவர் மூளையும் எதையோ நிரப்பி வைத்திருந்தது. ஒருவருக்குப் பத்து, ஒருவருக்கு நாற்பது. ஒருவர் எண் இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. என்ன அது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பட்டியில் கேட்டால் வெறும் முனகல்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் குறியீடு மாற்றும்போது தெரியாத எழுத்து வந்தால் என்ன செய்வது என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மூன்று வழி உண்டு. 'ஸ்ட்ரிக்ட்' என்று போட்டால் தெரியாத எழுத்தைக் கண்ட இடத்தில் நிரல் நின்றுவிடும். 'ரீப்ளேஸ்' என்று போட்டால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு மேலே போகும். 'இக்னோர்' என்று போட்டால் அந்த எழுத்தை விட்டுவிட்டு, விட்டதற்கான தடயமும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். புத்தகங்களை மாற்றிய காலத்தில் கமலவேணி மூன்றாவது வழியை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

எட்டுப் பேரை வைத்துச் சோதனை நடந்தது. அவள் 'ரீப்ளேஸ்' போட்டாள். புதுக் கருவி கேள்விக்குறியை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல், அது வரும் இடத்திலெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. அந்த எட்டுப் பேருக்கும் அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. முன்னைவிட அதிகமாகவே பேசினார்கள். அவர்கள் வீட்டாருக்குத்தான் பொறுக்கவில்லை. பத்து வருஷம் காத்திருந்து புதுக் கருவி வாங்கியது இதற்கா என்று மையத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள்.

திருவேங்கடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய தம்பியே காய்ச்சலில் பேச்சு போனவர்.

"வீட்டுக்குள்ள மரங்கொத்தி வளக்கற மாதிரி இருக்குங்கறாங்க கமலவேணி. அந்தச் சத்தத்தை எடுத்துருங்க."

"சத்தத்தை எடுக்கறதுன்னா எழுத்தையே எடுக்கறதுங்க சார். டொக்குன்னு ஒண்ணு வர்ற வரைக்கும் அங்க ஏதோ இருந்துச்சுன்னாவது தெரியும்."

"என்ன இருந்துச்சு?"

"தெரியலீங்க."

"பத்து வருசமா யாருக்கும் தெரியாத ஒண்ணுக்காக மூவாயிரம் பேரை நிறுத்தி வெக்கச் சொல்றீங்களா? பழைய சில்லு வாரத்துக்கு ரெண்டு சாகுது. என் தம்பி சில்லு போன மாசம் போயிருச்சு. இப்ப வீட்ல அவன் பேசாம உக்காந்திருக்கான்."

அவள் ஆறு மாதம் கூடுதலாகக் கேட்டாள். அவர் மூன்று வாரம் தந்தார். மூன்று வாரத்தில் அவள் இருநூறு பேருடைய தெரியாத எண்களைப் பட்டியலிட்டு, ஏதாவது ஒழுங்கு தென்படுகிறதா என்று பார்த்தாள். ஒரு ஒழுங்கும் இல்லை. கடைசி நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் நிரலைத் திறந்து 'ரீப்ளேஸ்' என்று இருந்த இடத்தில் 'இக்னோர்' என்று மாற்றினாள். பத்து விநாடி வேலை. பிறகு போய்ச் சாப்பிட்டாள்.

மாற்றத்துக்கு முன் எல்லாரிடமும் சம்மதம் வாங்கினார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கருவியில் கேள்வியைப் படித்துக் காட்டி, பட்டி சொல்லும் பதிலை எழுத்தாகவே பதிவு செய்துகொண்டார்கள். நாச்சிமுத்துவிடம் ஒரு பெண் வந்து கேட்டாள். கமலவேணி சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி ஓடும் சத்தத்துக்கு நடுவே, "எனக்குச் சம்மதம்" என்று அவர் பட்டி சொன்னது கேட்டது. அவர் இரண்டு மூன்று முறை அதையே சொன்னார். பாவம், ஆசையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். மையத்துக்கு வந்து சேர்ந்த பதிவில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரும் சம்மதம் என்றே சொல்லியிருந்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை என்று திருவேங்கடம் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்.

மாற்றம் நல்லபடியாக முடிந்தது. முனகல் இல்லை, டொக் இல்லை. தண்ணீர் மாதிரி தெளிவான பேச்சு. தனிநபர் விவரம் வெளியே போகக்கூடாது என்ற விதிப்படி பழைய சொல்வங்கிகளை அன்றன்றே அழித்தார்கள். அழிக்கும் நிரலையும் கமலவேணிதான் எழுதினாள்.

அதற்கப்புறம் வந்த பத்து மாதமும் அவளுக்கு நல்ல காலமாக இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. நாச்சிமுத்து கோபக்காரர். பேச்சு போவதற்கு முன்பும் சரி, பலகை வந்த பிறகும் சரி, எதற்கும் லேசில் இணங்க மாட்டார். இப்போது எதைக் கேட்டாலும் சரி என்றார். அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாத அவளுடைய பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு, போகலாமா என்று கேட்டதும் போகலாம் என்றார். பட்டறையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறீர்களா என்று கேட்டாள், இருக்கிறேன் என்றார். ஒருநாள் இன்னும் ஒரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். ஐந்தாவது தோசையில் எழுந்துபோய் வாந்தி எடுத்தார். உங்களுக்கு அளவே தெரிவதில்லை என்று கடிந்துகொண்டாள். அவர் ஆமாம் என்றார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் மனுஷன் பக்குவப்பட்டிருக்கிறார் என்று தன் தங்கையிடம் ஃபோனில் சொன்னாள்.

பத்தாவது மாதம் பாவாத்தாள் வந்தாள். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண். மையத்து வரவேற்பில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மாற்றத்தைச் செய்தது யார், அவரைப் பார்க்க வேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கமலவேணி இறங்கி வந்தாள்.

பாவாத்தாளின் அண்ணன் சென்னியப்பனும் கழுத்தில் பட்டி அணிந்தவன்தான், இப்போது கோவை மத்தியச் சிறையில் இருந்தான். அவன் வேலை பார்த்த தோட்டத்துச் சொந்தக்காரி கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். ஆட்கள் ஓடிவந்தபோது சென்னியப்பன் அவள் உடலைப் பிடித்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரில் கழுத்தளவு நின்றிருக்கிறான். காவல்துறை விசாரித்ததில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். விசாரணையின் ஒலிப்பதிவு வக்கீலிடமிருந்து பாவாத்தாளின் செல்ஃபோனுக்கு வந்திருந்தது. அவள் அதைப் போட்டுக் காட்டினாள்.

"தள்ளுனது நீதானே?"

"நான்தாங்க தள்ளுனேன்."

"வேணும்னேதான் தள்ளுனியா?"

"வேணும்னேதாங்க."

பதிவு முடிந்ததும் பாவாத்தாள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் இப்பிடித்தானுங் பேசும். சாப்பிடறயான்னு கேட்டா சாப்பிடறேங்கும், கடைசீல ஒண்ணு வரும், ம்ங்கற மாதிரி. அது வந்தா சாப்பாடு வேண்டாம்னு அர்த்தம். பத்து வருசமா எங்க வீட்ல எல்லாத்துக்கும் தெரியும். போலீஸ்கிட்டப் பேசுனதுல அது வரவே இல்லீங் அம்மிணி. அதை நீங்க எங்க வெச்சீங்க?"

கமலவேணி பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். வக்கீலின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டாள். அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்குப் போனாள்.

நாச்சிமுத்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்க பேரு சென்னியப்பனா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா."

"நாம இருக்கறது மெட்ராஸ்ங்களா?"

"ஆமா."

"இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லுங்க."

அவர் முகம் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது.  பட்டி தெளிவாக, "சொல்றேன்" என்றது.

அவள் அதற்கப்புறம் கேட்காமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அன்றைக்கு அந்தத் தோசை வேண்டாம் என்றுதான் சொன்னீர்களா, கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்றீர்களா, பட்டறையை விட மாட்டேன் என்றீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமா என்றார். அந்த ஆமாவையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அவள் பக்கம் பார்க்காமல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.

பழைய சொல்வங்கிகள் போய்விட்டன. ஆனால் சம்மதப் பதிவுகள் மாற்றத்துக்கு முன் வாங்கியவை. அவற்றின் மூலப் பிரதி பழைய குறியீட்டிலேயே ஆவண அறையில் இருந்தது. மையத்தில் எல்லாரும் பார்த்தது அவளுடைய நிரல் வழியாக வந்த பிரதியைத்தான். மறுநாள் காலை கமலவேணி மூலப் பிரதியை எடுத்து 'ஸ்ட்ரிக்ட்' போட்டு ஓட்டினாள். முதல் பதிவிலேயே நின்றது. 'எனக்குச் சம்மதம்' என்பதற்குப் பின்னால் ஓர் எண் இருந்தது. அடுத்ததும் நின்றது. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தாங்காமல் எண்ணிச் சொல்லும்படி நிரலை மாற்றினாள். இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு பேர். நாச்சிமுத்துவின் பதிவு மூன்று வரி இருந்தது. மூன்று வரியிலும் சம்மதத்துக்குப் பின்னால் நானூற்று முப்பத்தொன்று.

நரம்பியல் மருத்துவர் மெஹருன்னிசாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பலகையை முதன்முதலில் பொருத்தியவர்களில் ஒருவர் அவர். தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்.

"பேச்சு மொத்தமாப் போயிட்டதாத்தான் நெனச்சோம். திரும்பி வந்தப்ப எல்லாம் வந்துருச்சுன்னு நெனச்சோம். ஒண்ணு வரலை. மறுக்கற இடம் எரிஞ்சே போயிருக்கு. இல்லை, வேண்டாம், மாட்டேன், தலையாட்டறது, கை ஆட்டறது, எல்லாத்துக்கும் அந்த ஒரே இடம்தான். மூளை அதைப் புதுசாக் கட்டிக்க இடம் தேடியிருக்கு. குறியீட்டுல காலியா விட்ட இடத்துல போய்க் கட்டியிருக்கு."

"மத்த எண்கள்?"

"அவங்கவங்களுக்கு வேற என்னென்ன போயிருந்துச்சோ. இனிமே யார் சொல்லப்போறா?"

மறுபடி கட்டிக்கொள்ளாதா என்று கமலவேணி கேட்டாள். பொதுக் குறியீட்டிலும் காலி இடங்கள் உண்டு, ஆளுக்கு ஒன்று ஒதுக்கினாலே போதும் என்றாள்.

"உங்க குறியீட்டுல இருக்கும். கருவி அதைப் படிக்கணுமே. அப்படியே படிச்சாலும், அந்த இடத்தைக் கட்ட மூளைக்கு வருசக்கணக்குல ஆச்சு. கட்டுனதுக்குக் காரணம், முனகலாவது பதிலா வந்துச்சு. இப்பப் பத்து மாசமாத் தட்டித் தட்டிப் பதில் இல்லை. கூப்பிட்டுப் பதில் வராத வாசலை மூளை மறந்துரும்மா."

கருவியைச் செய்த நிறுவனத்துக்குக் கமலவேணி எழுதினாள். பத்து நாட்டில் அங்கீகாரம் பெற்ற கருவியில் ஒரு நாட்டுக்காக எதையும் மாற்றுவதற்கில்லை என்று பதில் வந்தது. திருவேங்கடத்திடம் போனாள். பதிவுகளை அவர் முன் வைத்தாள். அன்று மாலை அவர், புதுச் சில்லு பொருத்திய தன் தம்பிக்கு ஃபோன் செய்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாகவும், நன்றாக இருக்கிறேன் என்று பதில் வந்ததும் ஃபோனை வைத்துவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டாள். அடுத்த மாதம் அவர் வேலையை ராஜினாமா செய்தார்.

செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. சென்னியப்பன் வழக்கில் சாட்சி சொல்வது. மையம் வேண்டாம் என்றது. அவள் கேட்கவில்லை.

நீதிமன்றத்தில் இரண்டு நாள் கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்து என்றால் எண், எண் போனால் எழுத்து போச்சு, போன எழுத்து இதுதான் என்று. மாற்றியது நான்தான் என்றும் சொன்னாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி விளக்கச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து, அவள் சொல்வதை ஒரு நிமிஷத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். சென்னியப்பன் பக்கம் திரும்பி, நீ தள்ளவில்லைதானே என்று கேட்டார். "ஆமாங்க" என்றான். நீ தள்ளினாய்தானே என்று கேட்டார். "ஆமாங்க" என்றான். பாவாத்தாள் முதல் வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தீர்ப்பு கமலவேணி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. அதற்காக அவனை விடுவிக்கவும் இல்லை. தன் தரப்பைச் சொல்ல இயலாதவனை விசாரிக்கவும் முடியாது, விசாரிக்காமல் நிரபராதி என்று சொல்லவும் முடியாது என்று, சென்னியப்பனை அரசு மனநல மருத்துவமனையில் வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. எத்தனை நாளைக்கு என்று உத்தரவில் இல்லை. வெளியே வராந்தாவில் பாவாத்தாள் கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெயிலுக்குன்னா இத்தனை வருசம்னு ஒரு கணக்கு இருக்குமுங்களே அம்மிணி என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட எவருடைய சொல்லும் அவருடைய விருப்பத்தைக் காட்டுவதாகக் கொள்ள இயலாது, ஆகவே அவர்கள் நலன் கருதி உரிய ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. நாலு மாதத்தில் அரசு ஏற்பாட்டைச் செய்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கும் பாதுகாவலர் நியமிக்க வேண்டும். கையெழுத்து, வாக்கு, சிகிச்சை, எங்கே வசிப்பது, எல்லாம் இனிப் பாதுகாவலர் முடிவு. உறவினர் யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் மாவட்ட நல அலுவலரே பாதுகாவலர். அவருக்குக் கீழ் இருப்பவர்களுக்குச் சூலூர்ப் பக்கம் ஒரு விடுதி தயாராகிக்கொண்டிருந்தது. அரசாணைக்கு ஆதாரமாகக் கமலவேணியின் சாட்சியத்தைப் பக்க எண்ணோடு குறிப்பிட்டிருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நாச்சிமுத்துவுக்கு முறை வந்தது. கலெக்டர் அலுவலகத்தின் பின்கட்டடத்தில் ஒரு கூடம். நூறு பேர் இருப்பார்கள். மனைவியோடு கணவர்கள், மகன்களோடு அப்பாக்கள். எல்லார் கழுத்திலும் பட்டி. அதிகம் பேச்சில்லை. முதல் நாள் கமலவேணி அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தாள். நான் கையெழுத்துப் போடாவிட்டால் உங்களை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதனால்தான் போடுகிறேன் என்றாள். போடு என்றார். அது எந்தப் போடு என்று தெரியாமல் அவள் படுத்திருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளம்வயதுப் பெண், செந்தாமரை என்று பெயர்ப்பலகை சொன்னது. களைத்திருந்தாலும் மரியாதையாகப் பேசினாள். விதிப்படி சம்பந்தப்பட்டவரிடமும் ஒருமுறை கேட்டாக வேண்டும், பதில் எதுவானாலும் பதிவு செய்வோம், அது முடிவைப் பாதிக்காது என்றாள். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்துப் படித்தாள்.

"உங்க மனைவி கமலவேணியை உங்க பாதுகாவலரா நியமிக்க உங்களுக்குச் சம்மதமுங்களா?"

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். கமலவேணியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியைக் கழற்றினார். பட்டியை எடுத்து மேஜை மேல், அந்தப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை மடியில் கோத்துக்கொண்டார். பட்டி இருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றித் தோல் வெளுத்திருந்தது.

கூடத்தில் முன்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பேர் அதைக் கண்டார்கள். ஒரு வயதானவர் மெல்லத் தன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். பக்கத்தில் இருந்த மகன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

செந்தாமரை காத்திருந்தாள். ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று விதி போலிருக்கிறது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். நிமிஷம் முடிந்ததும் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

"என்னங்க எழுதறீங்க?" என்று கமலவேணி கேட்டாள்.

அவள் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். 'சம்பந்தப்பட்டவர் மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை' என்று இருந்தது.

"அவர் மறுக்கறாருங்க. இதான் அவர் மறுக்கறது."

செந்தாமரை திரையைப் பார்த்தாள், பட்டியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க மேடம். ஆனா பேசாம இருந்தா இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. வேற மாதிரி எழுதுனா மேலேர்ந்து திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் அவர் நல அலுவலர் கைக்குப் போயிருவார்."

அவள் படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். கமலவேணி நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் முறைக்காகக் காத்து நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.